ஷெட்டுக்குள் ஓடிய வண்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் மனைவி இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் அதைக் கோபப்படாமல் கேட்டதில்லை. சரி, அவள் சொன்னது உண்மைதான் என்று இப்போது எழுதியே கொடுத்துவிடுகிறேன். அந்தக் கோபம் போன மாதம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

நான் கார் மெக்கானிக். பெட்ரோல் கார் மட்டும்தான் பார்ப்பேன். கீழே ஷெட், மேலே வீடு. படுக்கையறை ஜன்னல் ஷட்டருக்கு நேர் மேலே இருக்கும். தொழிலும் குடும்பமும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நானே போட்ட பிளான் அது. வண்டியை ஸ்டார்ட் செய்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியில் உட்காருகிற நர்ஸ் இல்லை, வீடு வீடாகப் போகிறவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவது, ஊசி போடுவது, டியூப் மாற்றுவது என்று நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. அவளுக்கு ஆஸ்துமா. கல்யாணத்தின்போது லேசாக இருந்தது, வருஷத்துக்கு வருஷம் ஏறியது. இன்ஹேலர் ஒன்று பையில், ஒன்று தலையணைக்கு அடியில். ஜன்னலைத் திறந்து படுத்து எத்தனை காலம் ஆகிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஷெட்டில் எனக்குத் துணை ஒரு வெல்டர். என் வயசுதான். எல்லோரும் அவரை மறதியார் என்பார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் நான்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள், சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கார்க் கதவுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். நான் மேலே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மனுஷன் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி கிடக்கிறார். பெட்ரோல் புகைக்குள் வாசனையே தெரியாத விஷம் ஒன்று இருக்கிறது. அது ஆளைத் தூங்க வைப்பது போலத்தான் கொண்டுபோகும். காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டேன். பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் பெயர்கள் நிற்பதில்லை. பெற்ற பெண்ணையே சில நாள் "பாப்பா" என்று கூப்பிட்டுச் சமாளிப்பார்.

அதற்குப் பிறகு என் ஷெட்டில் ஒரே ஒரு சட்டம்தான். சாவியைத் திருகுவதற்கு முன்னால் ஷட்டரைத் தூக்கு. பதினாலு வருஷத்தில் அதை ஒருவரும் மீறியதில்லை. அதோடு புகைப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். ஷட்டரைத் தாண்டிய புகை மாடி ஜன்னலுக்குப் போனது என் கணக்கில் வரவே இல்லை.

அவளுக்கு நான் ஒரு பழைய பெட்ரோல் காரைப் பதினோரு வருஷமாகப் பிள்ளை மாதிரி பார்த்து ஓட்டக் கொடுத்திருந்தேன். நடுவழியில் ஒரு நாள் நின்றதில்லை. போன வருஷக் கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து அவள் வந்தாள், சத்தமே இல்லாமல். திரும்பிப் பார்த்தால் ஷெட் வாசலில் ஒரு கரண்ட் வண்டி. வெள்ளை நிறம், சோப்புப் பெட்டி மாதிரி.

"இது என்ன?" என்றேன்.

"கார்."

"யாரோடது?"

"என்னோடது. மாசத் தவணையில எடுத்திருக்கேன். உங்ககிட்ட கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க, அதான் கேக்கல."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். மெக்கானிக் பெண்டாட்டி, மெக்கானிக் கையே வைக்க முடியாத வண்டியை ஓட்டுகிறாள். தெருவில் என்னைப் பார்க்கிறவன் எல்லாம், "என்ன அண்ணே, வீட்டுலயே கஸ்டமர் போயிடுச்சா?" என்று பல்லைக் காட்டினான். நான் அந்த வண்டிக்கு "மிக்ஸி" என்று பெயர் வைத்தேன். மிக்ஸி வந்தாச்சா, மிக்ஸி எங்கே போகுது என்று தினமும் கேட்பேன். அவள் பதிலே சொல்ல மாட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

வாய்ச்சண்டைக்குக் குறைவே இல்லை. "சுத்தமான வண்டின்னு சொல்றியே, அந்தக் கரண்ட் எங்கேர்ந்து வருது? நிலக்கரியை எரிச்சுத்தானே? அந்தப் புகை யார் வீட்டு மேலயோ போய் விழத்தானே செய்யுது? பேட்டரிக்கு எந்த மலையைத் தோண்டுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று ஒரு நாள் விடாமல் கேட்டேன். பதில் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

அவள் காய் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "தெரியும். கரண்ட் ஃபேக்டரிக்குப் பக்கத்துல நாலு வீடு என் லிஸ்ட்ல இருக்கு. ஜன்னல் கம்பியைத் தொட்டா கை கருப்பாகும். அங்க ஒரு பெரியவர் இருமுற சத்தத்தைக் கேட்டுட்டுதான் வரேன். எல்லாம் சுத்தம்னு நான் சொல்லவே இல்லையே. ஊர்ல ஒரு இடத்துல வர புகைய என்னைக்காவது ஒருத்தன் அடக்குவான். நம்ம படுக்கை ரூம்ல வர புகைய யாருங்க அடக்குறது? நீங்கதானே?"

அதற்கு மேல் அவள் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. கடையை மூடு என்று கேட்கவில்லை. ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், தள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் காலி மனையில் வைத்து ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஏறிக்கொண்டு வந்தது.

"எனக்கே தொழில் சொல்லித் தரியா?" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

அந்தப் பழைய பெட்ரோல் காரை நான் விற்கவில்லை. மிக்ஸி ஒரு நாள் நடுத்தெருவில் நிற்கும், அன்றைக்கு இது போய்க் காப்பாற்றும் என்று ஷெட்டுக்குள்ளேயே தயாராக வைத்திருந்தேன். தினமும் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் ஓடவிடுவேன். மேலே அவள் இருமுவது கேட்கும். தூசியாக இருக்கும் என்று என்னையே நான் நம்பவைத்துக்கொள்வேன்.

என் ஆசைப்படியே அந்த நாள் வந்தது. முதல் நாள் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. சார்ஜ் ஏறவில்லை. இருப்பதை வைத்து ஓட்டிவிடலாம் என்று கிளம்பியவள் ஏழாவது வீட்டோடு நின்றுபோனாள். மத்தியானம் போன் வந்தது. "ரெண்டு சதவீதம்தான் இருக்கு. ஒரு லாரி சொல்லுங்க. இதைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

லாரியா! எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். புத்தகமாவது ஒன்றாவது என்று கயிற்றைக் கட்டினேன். சின்னக் கயிறு. அவளை அதிலேயே உட்காரவைத்து, நேராக வீட்டுக்குப் போகிற குறுக்குச் சந்து வழியை விட்டுவிட்டு, கடைத்தெரு வழியாக ஊர்வலம் மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தேன். நாலு பேர் பார்க்க வேண்டும் இல்லையா? டீக்கடை வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கையை ஆட்டினேன்.

பின்னால் அவள் கையை ஆட்டியது கண்ணாடியில் தெரிந்தது. கோபத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். மிச்சமிருந்த ரெண்டு சதவீதம் போய்விடக் கூடாதென்று ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கியிருந்திருக்கிறாள். என் சைலன்சருக்கும் அவள் முகத்துக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம்கூட இல்லை. நிறுத்துங்கள், மூச்சு முட்டுகிறது என்பதற்காகத்தான் கையை ஆட்டியிருக்கிறாள்.

வீட்டு வாசலில் வந்து பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, மூக்கில் மாஸ்க், இரண்டு நாள் படுக்கை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னிடம் சொன்னாள்: "சண்டை போடலீங்க. எனக்குச் சண்டை போட மூச்சு இல்ல. ஷெட்ல புகை நின்னா சொல்லுங்க, வரேன். இல்லன்னா என்னை விட்டுடுங்க."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்னுடுச்சு, வா. இரண்டே சொல். வாயே வரவில்லை. அவளுக்கு ஆறு மைல் தள்ளி அக்கா வீடு, எனக்கு மாடியில் காலி வீடு. மிக்ஸியையும் அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் ஆயிற்று. சமைக்கவும் பிடிக்கவில்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்கு அந்தக் காரைப் பத்து நிமிஷம் ஓடவிடுவதை நிறுத்தவில்லை. யாருக்காக ஓட்டுகிறேன் என்று என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

பதினொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டுக்கு லீவு. காலையில் போன் செய்தாள். "மத்தியானம் வரேன். ரெண்டு மாத்துத் துணி எடுத்துட்டுப் போகணும். சாவி என்கிட்ட இருக்கு."

"வா, யார் வேணாம்னு சொன்னா" என்றேன். இருந்து பேசு என்று சொல்லவில்லை, பாருங்கள் என் புத்தியை.

அவள் துணி அடுக்குவதை நான் நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று பதினோரு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். டீக்கடையில் மறதியார் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"அண்ணே, அவங்க வர நேரமாச்சே. நீங்க இங்க இருக்கீங்க?" என்றார்.

"துணி எடுக்கத்தானே வரா. எடுத்துட்டுப் போகட்டும்."

"போயிட்டா?"

"போனா போகட்டும்!"

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். மறதியார் டீயை ஊதிக்கொண்டே, "எனக்கு ஊர்ல பாதிப் பேர் பேரு மறந்துபோச்சு அண்ணே. நீங்க வேணும்னே மறக்கப் பாக்குறீங்க" என்றார். இந்த மனுஷனிடம் இதுதான் தொல்லை. பெயர் தவிர மற்றதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டு மணிக்குக் கடையில் ஃபேனும் நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஒரு மணி தாண்டும்வரை வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் எங்கே உட்கார்வது? அவள் இந்நேரம் போயிருப்பாள் என்று எழுந்தேன். மறதியாரும் நிழலுக்கு ஷெட்டில் படுக்கலாம் என்று கூடவே வந்தார்.

ஷெட் ஷட்டர் இறங்கியிருந்தது. வெளிப்பூட்டு இல்லை. அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கிறது. பக்கத்துச் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒரே இருட்டு. எப்போதும் இருக்கிற எண்ணெய் வாடை, புகை வாடை. இருட்டுக்குள் ஏதோ ஒன்று "உம்" என்று ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஓடுகிற சத்தம். மூடின ஷட்டர், உள்ளே ஓடுகிற வண்டி. இரண்டடி வைத்தேன். கார் கண்ணாடிக்குள் ஒரு வெளிச்சம். டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு என் மனைவி கிடந்தாள். வாய் திறந்திருந்தது. ஒரு கை சீட்டுக்கு வெளியே தொங்கியது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சுவரோரம் பார்த்த அதே தூக்கம்.

கதவைப் பிடித்து இழுத்தேன், பூட்டியிருந்தது. கண்ணாடியைத் தட்டினேனா, கூப்பிட்டேனா, எனக்குத் தெரியவில்லை. கையில் வீல் ஸ்பேனர் எப்படி வந்தது என்றும் தெரியவில்லை. அவள் மேல் சிதறக் கூடாது என்று பின் கதவுக் கண்ணாடியை அடித்தேன். அந்த ஒரு புத்தி மட்டும் எப்படியோ மிச்சம் இருந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. கையை விட்டுப் பூட்டை எடுத்து, அவளை இரண்டு அக்குளிலும் பிடித்து வெளியே இழுத்தேன்.

அவள் கத்தினாள். உயிரோடு இருக்கிறவள்தானே கத்துவாள் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. "மூச்சு விடு! மூச்சை நல்லா இழுத்து விடு!" என்று நான் அவளைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டே சின்னக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு போனேன். அவள் என் மார்பில் குத்துகிறாள், காலை உதைக்கிறாள். நான் விடவில்லை. நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து வெயிலில் போட்டு, தோளிலிருந்த துண்டால் விசிறினேன்.

"யோவ்! விடுய்யா! உனக்கென்ன பைத்தியமா? செருப்பு உள்ள விழுந்துடுச்சு, தரை சுடுது!"

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நீ, வா, போ என்று பேசினாள். நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

"பேசாதே! மூச்சு விடு! ஷட்டரை மூடிட்டு வண்டியை ஓடவிட்டுருக்கியே! அறிவிருக்கா உனக்கு? இவரை நீ பாக்கல? பக்கத்துலேயே இருக்காரே, இவரைப் பார்த்துமா?"

மறதியார் மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்தார். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திறந்திருந்த கதவு வழியே ஷெட்டுக்குள் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"அண்ணே. அது கரண்ட் வண்டி."

எனக்குப் புரியவில்லை. அவரே மறுபடியும் சொன்னார்: "புகையே வராது அண்ணே. அவங்க தூங்கிட்டிருந்தாங்க."

எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் இருக்கிறாள். திட்டுகிறாள். கன்னத்தில் சீட்டுத் துணியின் தடம் பதிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ரோட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அவள் திட்டுவதை நிறுத்தினாள். குனிந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் எதிரே குந்தி, என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்து நாடியை எண்ணத் தொடங்கினாள். தொழில் புத்தி.

"நூத்தி முப்பது" என்றாள். "எழுந்து நிழலுக்கு வாங்க. இப்ப உங்களைத்தான் தூக்கிட்டுப் போகணும் போல."

மாடிப்படியின் கீழ் நிழலில் உட்காரவைத்தாள். மறதியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நான் அந்தக் கண்ணாடித் தூளைக் கூட்டுறேன்" என்று நாசூக்காக உள்ளே போய்விட்டார்.

"காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பினேன்" என்றாள் அவள். "எட்டு வீடு முடிச்சுட்டு வந்தேன். மேல போய் எடுக்கிறதை எடுத்தேன். கரண்ட் போயிடுச்சு, வீடு அடுப்பு மாதிரி கொதிக்குது. உங்களைப் பார்க்காம போக மனசு வரல. ஷெட்டுதான் கொஞ்சம் நிழல். அனல் அடிக்குதுன்னு ஷட்டரை இறக்கிட்டு, ஏசியைப் போட்டு உட்கார்ந்தேன். கண் அசந்துட்டேன். எவ்வளவு நேரமாச்சு?"

"நீ எத்தனை மணிக்கு வண்டியில உட்கார்ந்தே?"

"பன்னெண்டே கால்."

நான் மணியைப் பார்த்தேன். ஒன்றரை. ஒன்றே கால் மணி நேரம் மூடின ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டு அதற்குள் தூங்கியிருக்கிறாள். என் பெட்ரோல் வண்டியாக இருந்தால் அதில் கால்வாசி நேரம் போதும். தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "உள்ள உன்னைப் பார்த்தப்ப ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்ல. ஒரே ஒரு நிமிஷம்தான். என்னாலயே தாங்க முடியல. அந்தப் புகையைத்தான் நான் தினமும் காலைல உனக்குக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துட்டு இருந்திருக்கேன். தெரிஞ்சேதான் கொடுத்தேன். நீ இருமுறது எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

அவள் செருப்பில்லாத காலின் மண்ணைத் தட்டினாள். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஷெட்டுக்குள்ள ஒரு இன்ஜினும் ஓடாது. எல்லாம் காலி மனையிலதான். தள்ளிட்டுப் போறது என் பாடு."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "இதைக் கோவத்துல சொல்றீங்களா, பயத்துல சொல்றீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "பயத்துல."

"அப்ப சரி. கோவத்துல சொன்னா நாளைக்கு மாத்திடுவீங்க. உங்க பயத்தை நான் நம்பலாம்."

எனக்கு அதற்கு மேல் உட்காரப் பொறுக்கவில்லை. மறதியாரைக் கூப்பிட்டு ஷட்டரைத் தூக்கினேன். பழைய பெட்ரோல் காரின் கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், இரண்டு பேருமாகத் தள்ளினோம். தெருக்கோடி வரைக்கும் தள்ள வேண்டும். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. டீக்கடை வாசலில் ஒருத்தன், "என்ன அண்ணே, உங்க வண்டியே நின்னுடுச்சா?" என்றான். "ஆமாய்யா, நின்னுடுச்சு! வாயை மூடிட்டு வந்து ஒரு கை கொடு!" என்றேன். வந்தான். நல்லவன்தான்.

நான் ஒன்றும் கட்சி மாறிவிடவில்லை. என் பிழைப்பு இன்றைக்கும் பெட்ரோல்தான். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டால் அவளுடைய மிக்ஸி மறுநாள் நொண்டத்தான் செய்யும். கரண்ட் ஃபேக்டரிப் பக்கத்து ஜன்னல் கம்பியும் கருப்பாகத்தான் இருக்கிறது. காலி மனையில் ஓடவிட்டாலும் புகை புகைதான், அது காற்றில்தான் கலக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே படுக்கையறை ஜன்னல் இல்லை.

திரும்பி வந்தபோது அவள் உடைந்த ஜன்னலுக்குப் பாலிதீன் தாளை வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோணலாக ஒட்டினாள். டேப்பைப் பிடுங்கி நானே ஒட்டினேன்.

"கண்ணாடி நாளைக்கே மாத்தித் தரேன்" என்றேன்.

"இதுல கை வைக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

"கண்ணாடிக்குக் கரண்ட் இல்ல, பெட்ரோலும் இல்ல. எந்த வண்டியில இருந்தாலும் கண்ணாடி கண்ணாடிதான்."

சிரித்தாள். பதினோரு நாளுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். இருமல் இல்லாமல் சிரித்தாள்.

இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது, புண் கட்ட வேண்டும் என்று சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "முடிச்சுட்டு எங்க போவ?"

அவள் பட்டனை அழுத்தினாள். டிக்கி தானாகத் திறந்துகொண்டது. "அந்தப் பையை மேல கொண்டுபோய் வைங்க" என்றாள். "ஆறு மணிக்கு வந்துடுவேன். சோறு மட்டும் வடிச்சு வைங்க, குழம்பு நீங்க வைக்கவே வேணாம்."

வண்டி சத்தமில்லாமல் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இரண்டு மாற்றுத் துணிக்கு அந்தப் பை ரொம்பக் கனமாக இருந்தது. கட்டிலில் வைத்து ஜிப்பைத் திறந்தேன். அவளுடைய துணி மொத்தமும் இருந்தது, குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர் வரைக்கும். அதற்கு அடியில் நர்ஸ் படிப்புச் சான்றிதழ் ஃபைல், பாஸ்போர்ட், அவள் அம்மாவின் போட்டோ. எல்லாவற்றுக்கும் கீழே, அவள் கைக்குப் பழகின காய் நறுக்குகிற கத்தி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு.

அவள் இரண்டு மாற்றுத் துணிக்கு வரவில்லை. மொத்தமாகப் போகத்தான் வந்திருந்தாள். போவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியில் உட்கார்ந்தவள், அசதியில் தூங்கிப்போயிருக்கிறாள்.

ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தேன். ஸ்வெட்டரை அலமாரியின் மேல் தட்டில், ஃபைலைப் பெட்டியில், அம்மா போட்டோவை ஆணியில். கடைசியாகக் கத்தியைப் பிரித்துக் கழுவி, அடுக்களை மேடையில் வைத்தேன். பிறகு அரிசி களைந்தேன்.